பேரிடருக்குப் பின் பெண்களின் துயரமொழி: மனநலத் துணைப்பணியின் வரலாற்றில் சில சொற்கள்

இயற்கைச் சீற்றத்திற்கு ஆளான மக்களுக்கு அரிசியும் துணியும் கூரையும் வழங்கும் வழக்கம் இந்நாட்டில் பழமையானது. அவர்தம் மனத்துயரையும் துயர்துடைப்புப் பணியின் ஒரு கூறாகக் கொள்ளும் வழக்கமோ மிகப் புதியது; அதன் வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. இவ்வரலாற்றை மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் தத்தம் துறை நின்று எழுதியுள்ளனர். மொழி நோக்கில் அதனை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். துயருற்ற ஒருவர் பேசுவதும் பிறிதொருவர் அதனைக் கேட்பதுமே இப்பணியின் முதன்மைக் கருவி. மருந்து இதில் சிறுபங்கே பெறுகின்றது. ஆகவே யார் கேட்டார், எந்தச் சொல்லால் கேட்டார், பெற்ற விடையை என்னவென்று எழுதிக்கொண்டார் என்னும் வினாக்கள் மொழியியலாருக்கும் உரியவை. பெண்களின் நிலையைத் தனியே எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பேரிடரில் மிகுதியாக இறந்தோரும், எஞ்சியபின் மிகுதியாகப் பேச வேண்டியிருந்தோரும், ஊர்ப் பொதுவில் பேசும் உரிமை குறைவாகப் பெற்றோரும் அவர்களே.

தொடக்கம்

இத்துறையின் தொடக்கம் இயற்கைச் சீற்றத்தில் அன்று, மனிதர் விளைத்த பேரிடர் ஒன்றில் அமைந்தது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் நச்சுவாயு கசிந்தபோது முதலில் சென்ற மருத்துவக் குழுக்களில் மனநல மருத்துவர் இடம்பெறவில்லை. சில வாரங்கள் கழித்தே அவர்கள் அழைக்கப்பட்டனர். லக்னோ மருத்துவக் கல்லூரியினர் அங்குக் கள ஆய்வு செய்தனர். பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் 1985இல் போபால் மருத்துவ அலுவலர்களுக்குப் பயிற்சியளித்தது. மனநல மருத்துவரல்லாதார்க்கு அடிப்படைப் பயிற்சி தந்து பணியை ஊர்தோறும் பரப்புதல் என்னும் இம்முறை அன்று திடீரெனத் தோன்றியதன்று. 1970களில் சண்டிகரை அடுத்த ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூரை அடுத்த சக்கலவாராவிலும் இம்முறை சோதிக்கப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டின் தேசிய மனநலத் திட்டமும் இதனையே அடிப்படையாகக் கொண்டது. போபால் பணியில் ஈடுபட்ட ஆர். சீனிவாச மூர்த்தி போன்றோர் பின்வந்த பேரிடர்களிலும் இதே முறையைக் கையாண்டனர். பயிற்சி பெற்றவர் மட்டும் மாறினார்: போபாலில் மருத்துவ அலுவலர், பின்னர் ஊர்ப்பணியாளர், பிறகு பெரும்பாலும் ஊர்ப்பெண்.

கில்லாரியும் ‘சம்வாத் சஹாயக்’கும்

1993 செப்டம்பர் 30ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில் மகாராட்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் நிலம் நடுங்கியது. முந்தைய நாள்தான் விநாயகர் உருவங்களை நீரில் கரைக்கும் விழா முடிந்திருந்தது. மக்கள் அயர்ந்து உறங்கிய நேரம். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய பருஞ்சுவர்கள் அவர்கள்மேல் சரிந்தன. கில்லாரியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். பிழைத்தோரை ஆராய்ந்து 1996இல் அமெரிக்க மனநல ஆய்விதழில் வெளிவந்த சிறு அறிக்கையொன்று, மனநோய்க் குறிகள் பெண்களிடம் மிகுந்திருந்தன எனக் கூறியது. மருத்துவம் இவ்வாறு கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் வேறொரு பணியும் நடந்தது.

சிதைந்த வீடுகளைச் செப்பனிடும் அரசுத் திட்டம் ஆயிரத்திற்கு மேற்பட்ட ஊர்களைத் தழுவியது. அரசுக்கும் ஊர்மக்களுக்கும் இடையே செய்தி கொண்டு செல்லவும், மக்களின் குறையைக் கேட்டு வரவும், பிரேமா கோபாலன் தலைமையில் இயங்கிய சுவயம் சிக்ஷண் பிரயோக் என்னும் அமைப்பு ஊர்ப்பெண்களைத் தேர்ந்து பயிற்றியது. இவர்களுக்கு வழங்கிய பெயர் ‘சம்வாத் சஹாயக்’ என்பது. மராத்தியில் ‘சம்வாத்’ உரையாடல், ‘சஹாயக்’ துணைவர். ஆணை அறிவிப்பவர் என்னும் பொருளும் இதில் இல்லை. நோய் தீர்ப்பவர் என்னும் பொருளும் இல்லை. வீட்டுச்சுவரில் எங்கே கம்பி வைப்பது, உதவித்தொகையின் அடுத்த தவணை எப்போது வரும் என்பனவே அவர்கள் பேசிய பொருள்கள். மனநலப் பணி என்று எவரும் அதற்குப் பெயரிடவில்லை. ஆயினும் உறவினரை இழந்து வீட்டுக்குள் ஒடுங்கிய பெண்ணைத் தேடி மற்றொரு பெண் வாரந்தோறும் செல்வதும், அவளைக் கூட்டத்திற்கு அழைத்துவந்து பேசச் செய்வதும் இப்பணியின் வழியே நிகழ்ந்தன. மனநலத் துணையின் வரலாறு எழுதுவோர் இதனை விட்டுவிடுதல் முறையன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சுவரைப் பற்றித் தொடங்கிய பேச்சு சுவரோடு நிற்பதில்லை.

இலாத்தூர்ப் பெண்கள் சிலர் பின்னர் 2001இல் கச்சுக்கும், 2004க்குப் பின் தமிழகக் கடற்கரைக்கும் சென்று அங்குள்ள பெண்களுடன் பேசினர். மராத்தி மட்டும் அறிந்தவர் தமிழ் மட்டும் அறிந்தவரோடு மொழிபெயர்ப்பாளர் துணையால் பேசியது எளிதன்று. எனினும் தன் துயரைத் தானே அறிந்தவர் என்னும் தகுதி, மொழி தரும் தகுதியை விஞ்சி நின்றதாகத் தோன்றுகின்றது.

சினேக கர்மியும் மமதா கிருகமும்

1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒரிசாவைத் (இன்றைய ஒடிசாவை) தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். ஜகத்சிங்பூர் மாவட்டத்து எரசமா வட்டாரத்தில் கடலே ஊருள் புகுந்தது. அங்கு ஆக்ஷன் எய்ட் நிறுவனம் தொடங்கிய பணிக்குச் ‘சினேக அபியான்’ என்று பெயர். ஊர்தோறும் சென்று கைம்பெண்களையும் தாய்தந்தையற்ற குழந்தைகளையும் முதியோரையும் கண்டு பேசியவர்கள் ‘சினேக கர்மி’ எனப்பட்டனர். இவர்களுக்கான பயிற்சியிலும் கைந்நூல்களிலும் நிம்ஹான்ஸ் பங்குகொண்டது. தனித்துவிடப்பட்ட பெண்களும் குழந்தைகளும் கூடியிருக்கும் இல்லங்கள் ‘மமதா கிருகம்’ எனப்பட்டன.

இப்பெயர்கள் கருதத்தக்கவை. ‘சினேகம்’, ‘மமதை’ இரண்டும் வடசொற்களாயினும் ஒடியாவில் அன்றாடப் பேச்சில் வழங்குவன. ‘மமதா’ அங்குத் தாயன்பைக் குறிக்கும். தமிழில் அதே சொல் ‘மமதை’ என வந்து செருக்கு என்னும் பொருளைப் பெற்றுவிட்டமையால், ‘மமதா கிருகம்’ என்பதைத் தமிழர் ஒருவர் கேட்டால் திகைப்பார். ஒரே வேர் ஒரு மொழியில் தாயையும் மற்றொன்றில் தன்முனைப்பையும் சுட்டுவது பொருள்மாற்ற ஆய்வாளர்க்கு விருந்து. இங்கு வேண்டுவது வேறு: ‘மனம்’, ‘நோய்’, ‘சிகிச்சை’ ஆகிய மூன்று சொற்களும் இப்பெயர்களில் முற்றிலும் தவிர்க்கப்பட்டுள்ளன. கணவனை இழந்தவள் என்னும் பெயரைச் சுமப்பவளுக்கு மனநோயாளி என்னும் இரண்டாவது பெயரையும் சூட்டலாகாது என்பதைப் பெயரிட்டோர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

2001 சனவரி 26ஆம் நாள் காலை 8.46 மணிக்குக் கச்சுப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின்னும் இம்முறையே பின்பற்றப்பட்டது. பூஜ், அஞ்சார், பசாவ் ஆகிய நகரங்கள் சிதைந்தன. குசராத்தி, கச்சி மொழிகளில் பணி நடைபெற்றது. ‘கப்ராமண்’ என்னும் குசராத்திச் சொல் மட்டும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. மூச்சுமுட்டல், அச்சம், நெஞ்சுத் துடிப்பு, இருப்புக் கொள்ளாமை ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லில் அடங்கும். உடலுக்கும் மனத்திற்கும் இடையே அது கோடு கிழிப்பதில்லை.

தமிழகக் கடற்கரை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையால் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பின்படி நாகை மாவட்டத்தில் இறந்தோருள் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. காரணம் தொழில்முறையிலேயே இருந்தது. ஆழ்கடலில் படகிலிருந்த ஆடவரை அலை அடியில் கடந்து சென்றது. கரைக்கு வரும் மீனை வாங்கி விற்கக் காத்திருந்தோரும், வீட்டிலிருந்த குழந்தைகளைத் தூக்க ஓடியோரும் பெண்கள். நீந்தக் கற்பது ஆண்பிள்ளைகளின் விளையாட்டாகவே இருந்தது; சேலையும் நீண்ட கூந்தலும் ஓட்டத்தைத் தடுத்தன.

உயிர்தப்பிய பெண்ணின் துயரத்தை இரு சொற்களின் வழியாக நோக்கலாம். முதலாவது ‘தலைக்கட்டு’. கடற்கரை ஊர்களில் பஞ்சாயத்தார் வரி வாங்குவதும் பங்கு பிரிப்பதும் தலைக்கட்டுக் கணக்கில். மணமான ஆணே தலைக்கட்டு. நிவாரணப் பொருள்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியே பகிரப்பட்டபோது இக்கணக்கே அளவுகோலாயிற்று. பல ஊர்களில் ஆண்துணையற்ற கைம்பெண்ணின் குடும்பம் அதற்குள் அடங்கவில்லை. மனநலப் பணியாளரிடம் அவள் சொன்ன துயரத்தில் மகனின் சாவும் கிடைக்காத அரிசியும் ஒரே மூச்சில் வந்தன. முன்னதை மட்டும் ‘உளப் பிரச்சினை’ என எழுதிக்கொண்டு பின்னதை வேறு துறைக்கு அனுப்பிய படிவம் அவள் பேச்சை இரண்டாக வெட்டியது. 2005 மார்ச் மாத அரசாணைப்படி புதிய வீடுகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. இதனை வீட்டுவசதிச் செய்தியாக மட்டும் கருதுவது பொருந்தாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்து நினைவிற்கு வருவது இயல்பு. அழுகை பிறக்கும் களன்களாக அந்நூல் நான்கைக் கூறும்: பிறரால் எளியராக்கப்படுதலாகிய இளிவு, உயிரும் பொருளும் இழத்தலாகிய இழவு, முன்னை நிலை கெடுதலாகிய அசைவு, நுகர்ச்சியற்ற வறுமை. நாடக வழக்கிற்குச் சொல்லப்பட்ட இலக்கணத்தை நிவாரண முகாமிற்குப் பொருத்துவது மிகையென்பார் இருக்கலாம். ஆனால் இழவு ஒன்றையே அழுகைக்குக் களனாகக் கொண்ட இருபதாம் நூற்றாண்டுப் படிவங்களைவிட இப்பகுப்பு முகாமில் கேட்ட பேச்சிற்கு அணுக்கமாக உள்ளது. வரிசையில் நின்று பொருள் வாங்க நேர்ந்த மீன்காரப் பெண்ணின் அழுகை இளிவிலிருந்து பிறந்தது. தார் அட்டைக் கூரையின் வெம்மையில் பகலெல்லாம் புழுங்கியவளின் அழுகை அசைவின்பாற்பட்டது.

இரண்டாவது சொல் ‘ஒப்பாரி’. ஒப்புச் சொல்லி அழுதல் பெண்களின் வாய்மொழிக் கலை. இறந்தாரை முன்னிலையில் விளித்து, உறவுமுறை சொல்லி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவது அதன் முறை. ஒருத்தி தன் வீட்டு இழவைப் பாட, அடுத்தவள் தன் பழைய இழவை அதனோடு இணைப்பாள். இசபெல் கிளார்க்-தெசே 2005இல் வெளியிட்ட தமிழ் ஒப்பாரி பற்றிய நூல், அழுபவள் இறந்தவரை முன்னிட்டுத் தன் வாழ்வின் முறையீடுகளையே வைக்கிறாள் என வலியுறுத்துகின்றது. இது முற்றும் சரியென்று கொள்ளாவிடினும், ஊர் நடுவே பெண் தன் குறையைத் தடையின்றிச் சொல்லத்தக்க ஒரே களம் இழவு வீடே என்பதை மறுத்தல் இயலாது. ஆழிப்பேரலை இக்களத்தையும் அழித்தது. உடல்கள் பெருங்குழிகளில் ஒருங்கே புதைக்கப்பட்டன. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. எடுத்துச் செல்ல உடலில்லை, கூடி அழ வீடில்லை, கட்டி அழ வருபவளும் தன் வீட்டு இழவில் இருந்தாள். பிறர் இழவிற்குச் சென்று அழுது கடன் தீர்க்கும் முறை, ஊரே இழவு வீடானபோது நின்றுபோயிற்று. அவ்விடத்தில்தான் வெளியிலிருந்து வந்த ‘கேட்பவர்’ நுழைந்தார்.

அக்கேட்பவர் யாராக இருந்தார் என்பது முக்கியம். நிம்ஹான்ஸ் முறையில் அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், சுய உதவிக் குழுப் பெண்கள் ஆகியோர் பயிற்சி பெற்றனர். சென்னையின் ஸ்கார்ப் நிறுவனமும் களத்தில் பணியாற்றியது. தற்கொலைத் தடுப்பிற்கென 1986இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா அமைப்பு, சென்னைக் கடற்கரைக் குடியிருப்பொன்றில் உறவினரை இழந்தோரைத் தன் தொண்டர்கள் தொடர்ந்து சென்று கண்டு பேசும் முறையை மேற்கொண்டது. அவ்வாறு செய்யப்படாத மற்றொரு குடியிருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பேசப்பட்டவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்ததை 2008இல் வெளியிட்டது. பேராசிரியர் பட்டமோ மருந்துச்சீட்டோ இன்றி, நட்புமுறையில் தொடர்ந்து சென்று கேட்டல் பயன் தந்தது என்பதே இதன் பொருள். எரசமாவின் ‘சினேக’மும் சென்னையின் ‘சினேகா’வும் ஒரே சொல்லைத் தேர்ந்தமை தற்செயலாகலாம்.

மற்றொரு செய்தியையும் சுருக்கமாகக் குறிக்கலாம். கருத்தடை செய்துகொண்டபின் குழந்தைகளை அலையில் இழந்த தாய்மார்க்கு, அதனை மாற்றும் அறுவை சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாக அளிக்க முன்வந்தது. ஒரு சாராருக்கு இது நம்பிக்கையாயிற்று. மறுபுறம், மீண்டும் தாயாதலே பெண்ணின் துயர்மருந்து என்னும் எண்ணத்தையும், குடும்பத்தார் தரும் நெருக்குதலையும் இது வலுப்படுத்தியது என்பதையும் நோக்க வேண்டும்.

வினாப்படிவத்தின் இலக்கணம்

பேரிடர்க் களங்களில் மிகுதியாகப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று, உலகச் சுகாதார நிறுவனம் வளரும் நாடுகளுக்கென உருவாக்கிய இருபது வினாக்கள் கொண்ட படிவமாகும். ஒவ்வொன்றிற்கும் ஆம் அல்லது இல்லை என்பதே விடை. ஆங்கில மூலத்தில் வினாவின் எழுவாய் பெரும்பாலும் ‘நீங்கள்’: நீங்கள் உணர்கிறீர்களா, நீங்கள் அஞ்சுகிறீர்களா என்னும் அமைப்பு. தமிழில் உணர்ச்சியைக் கூறும் இயல்பான தொடர் வேறு. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்கு நெஞ்சை அடைக்கிறது’, ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என நான்காம் வேற்றுமையில் உணர்பவர் நிற்பார். உணர்ச்சி தானே வந்து சேரும். மராத்தி, குசராத்தி, ஒடியா ஆகியவற்றிலும் இவ்வமைப்பு உண்டு. இந்திய மொழிகள் குடும்ப வேறுபாடு கடந்து பகிர்ந்துகொள்ளும் பண்புகளுள் ஒன்றாக மொழியியலார் இதனைச் சுட்டுவர். இதிலிருந்து இந்தியப் பெண் தன் துயரைத் தன்னதாக உணர்வதில்லை என முடிவு கட்டுவது பேதைமை. இலக்கணம் உளப்பாங்கிற்குச் சான்றாகாது. ஆனால் ‘நீங்கள் பயப்படுகிறீர்களா?’ என்னும் தமிழ் வினா துயரை வினவுவதாக அன்றி, கோழைத்தனத்தைக் குற்றம் சாட்டுவதாக ஒலிக்கும் என்பது எந்த மீனவப் பெண்ணுக்கும் தெரியும். அவள் ‘இல்லை’ என்பாள். படிவம் அதனைக் குறித்துக்கொள்ளும். ‘உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?’ என்று கேட்டால் விடை வேறாகும். மொழிபெயர்ப்பில் ஒரு வேற்றுமை உருபு மாறுவதால் கணக்கெடுப்பின் எண் மாறக்கூடும்.

படிவத்தில் இடமில்லாத சொற்களும் உள. ‘பெற்ற வயிறு எரிகிறது’ என்பதைச் செரிமானக் குறை பற்றிய வினாவின்கீழ்க் குறிப்பது எளிது, தவறும் எளிது. ‘பெருமூச்சு’ மற்றொன்று. யாழ்ப்பாணத்தில் போரினால் துயருற்றோரிடையே பணியாற்றிய தயா சோமசுந்தரம், பெருமூச்சைத் தமிழர் துயரை உணர்த்தும் மரபுவழிக் குறியாக எடுத்துக்காட்டினார். அவரும் எஸ். சிவயோகனும் இணைந்து, ஏதிலியரின் மனநலம் பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் கைந்நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தமிழ்ச் சமுதாயத்திற்கேற்பத் திருத்தி அமைத்தனர். 2004இல் இலங்கைக் கரையையும் அலை தாக்கியபோது அங்குப் பணியாளர்க்குத் தமிழில் ஒரு சொற்களஞ்சியம் ஆயத்தமாக இருந்தது. தமிழகத்தில் அந்நிலை இல்லை.

பணியின் பெயர்

இவ்வேறுபாடு பணியின் பெயரிலேயே புலனாகின்றது. இலங்கையில் ‘உளவளத்துணை’ என்பது அரசு ஆவணங்களிலும் இடம்பெற்றது. ‘சீர்மியம்’ என்னும் சொல்லும் வழங்கியது. தமிழகத்தில் ‘கவுன்சலிங்’, ‘ஆலோசனை’ இரண்டுமே பெருவழக்கு. ‘ஆலோசனை’ பொருந்தாச் சொல். அறிந்தவர் அறியாதவர்க்கு வழி சொல்லுதல் என்பதே அதன் வழக்குப் பொருள்; ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோதற்கு அச்சொல் இடந்தருகின்றது. கேட்டலே பணியாக இருக்க, சொல்லுதலைப் பெயராக்கியது முரண்.

‘ஆற்றுப்படுத்துதல்’ என்னும் சொல்லையும் கவனிக்க வேண்டும். சங்க மரபில் இதன் பகுதி வழி என்னும் பொருளுடைய ‘ஆறு’. வறுமையுற்ற கலைஞரைப் புரவலரிடம் செல்லும் வழிப்படுத்துதல் ஆற்றுப்படை. இன்று இச்சொல்லைக் கேட்பவர் செவியில் பகுதி ‘ஆறு’ அன்று, ‘ஆற்று’. புண் ஆறுதல், பால் ஆற்றுதல், அழும் பிள்ளையை ஆற்றுதல் என்னும் வழக்குகளோடு அது சென்று சேர்கின்றது. சொற்பிறப்பு நூலார் இதனைப் பிழை என்பர். வழக்கு வேர் மாற்றிக்கொண்டதால் சொல் வளமே பெற்றுள்ளது: தான் பரிசில் பெற்ற வழியை மற்றவனுக்குக் காட்டும் பாணனும், தன் இழவை ஆற்றியவாறே பிறள் இழவைக் கேட்க வந்த இலாத்தூர்ப் பெண்ணும் ஒரே சொல்லில் அடங்குகின்றனர்.

2007இல் பன்னாட்டு அமைப்புகளின் நிலைக்குழு நெருக்கடிக்கால மனநல, உளசமூகத் துணைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்தியாவிற்குரியனவற்றை வெளியிட்டது. பெண்கள் தனிக்கவனத்திற்குரியோர் என்பதும், ஊர்மக்களே முதல் துணைவர் என்பதும் இவற்றில் எழுத்து வடிவம் பெற்றன. 2018இல் கேரள வெள்ளத்தின்போதும் 2024 சூலையில் வயநாட்டு நிலச்சரிவின்போதும் மனநலக் குழுக்கள் தொடக்க நாள்களிலேயே முகாம்களுக்குச் சென்றன. போபாலில் போலச் சில வாரங்கள் காத்திருக்கவில்லை. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் டெலி மானஸ் சேவை தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இயங்கி வருகின்றது. இங்குக் கேட்பவர் பேசுபவரின் ஊரைச் சேர்ந்தவராக இருப்பது அரிது. ‘தலைக்கட்டு’ என்றும் ‘பெற்ற வயிறு’ என்றும் அவள் சொல்வதைக் கேட்பவர் விளங்கிக்கொள்ள வட்டாரவாரியான துயரச் சொற்றொகுதிகள் வேண்டும். கன்னியாகுமரி முதல் பழவேற்காடு வரையுள்ள கடற்கரைப் பேச்சுவழக்குகளில் அவற்றைத் தொகுப்பது மொழியியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. அதனை மீன் இறங்கும் துறைகளிலும் ஏலக் கூடங்களிலும் பெண்களோடு அமர்ந்து தொடங்குதல் வேண்டும்.